காலையில் சிரப் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். பெண் நாலாவது படிக்கிறாள், பையன் யு.கே.ஜி. போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் பையனுக்கு 100.6 காய்ச்சல் இருந்தது. சிரப் கொடுத்தேன், எட்டு மணிக்கு நார்மல் ஆகிவிட்டது. வேனில் ஏற்றிவிட்டேன். மதியம் ஸ்கூலில் இருந்து போன். மறுநாள் கை, கால், வாயெல்லாம் கொப்புளம். ‘கை கால் வாய் நோய்’ என்றார் டாக்டர். புதன்கிழமைக்குள் அவன் வகுப்பில் இன்னும் மூன்று பேருக்கு வந்துவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் என் பெயரைச் சொல்லாமல் என்னைத் திட்டினார்கள். ‘தழும்பே இல்லாமல் போனபிறகு, முழுசாகக் குணமாகிவிட்டது என்று சர்டிபிகேட் கொண்டு வாருங்கள்’ என்று ஸ்கூலில் சொன்னார்கள். அதில் இரண்டு வாரம் போனது. இப்போது பெண்ணுக்கு இரண்டு வாரமாக இருமல். காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், ஆனால் மிஸ் தனியாக உட்கார வைக்கிறார். இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. இவளுக்கும் வந்தால் மருந்து கொடுக்கக் கூடாது, மூணு தண்ணி ஊற்றிவிட்டு அனுப்பலாம் என்கிறார் மாமியார். எந்த நோய்க்கு எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது? அட்டெண்டன்ஸ் குறைந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் எங்களால் லீவு போட முடியாது.

பதில்: வணக்கம் அம்மா. வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தே ஆரம்பிக்கிறேன். கடிதத்தில் உங்களை அதிகம் வாட்டியிருப்பது அதுதான் என்று தோன்றுகிறது.

கை கால் வாய் நோயின் கிருமி ஒரு குழந்தைக்குள் போய், நோயாக வெளியே தெரிவதற்குப் பெரும்பாலும் 3 முதல் 6 நாள் ஆகும். உங்கள் பையன் திங்கட்கிழமை வகுப்புக்குப் போனான். புதன்கிழமைக்குள் மற்ற மூன்று பேருக்கு வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர்கள் முந்தின வாரமே வாங்கியிருக்க வேண்டும், உங்கள் பையனும் அநேகமாக அதே இடத்தில்தான் வாங்கியிருப்பான். முதலில் கொண்டுவந்தது யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. இந்தக் கிருமி உள்ளே இருந்தும் ஒரு கொப்புளம்கூட வராத குழந்தைகள் உண்டு, பெரியவர்களும் உண்டு. குரூப்பில் இருப்பவர்கள் துப்பறியும் வேலையை விட்டுவிடலாம்.

அதற்காகக் காலையில் சிரப் கொடுத்து அனுப்பியது சரி என்று ஆகிவிடாது. பாராசிட்டமால் சூட்டைத்தான் குறைக்கும், கிருமியைத் தொடாது. நாலு மணி நேரத்தில் இருந்து ஆறு மணி நேரம் வரை வேலை செய்யும். காலை ஆறரைக்குக் கொடுத்தால் பன்னிரண்டு மணி வாக்கில் அதன் வேலை முடிந்துவிடும். பள்ளியில் இருந்து வரும் இந்த போன் எப்போதும் சாப்பாட்டு பெல் அடிக்கும் நேரத்தில் வருவதற்குக் காரணம் இதுதான். இதில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. சிரப் போடாவிட்டால் அந்தக் குழந்தை ஒரு மூலையில் சுருண்டு படுத்திருக்கும். சிரப் போட்டதால் தெம்பு வந்து, மூக்கைத் துடைத்த கையோடு எல்லாரோடும் விளையாடும், பக்கத்துப் பையனின் டிபன் பாக்ஸில் கை விடும், அதே வாட்டர் பாட்டிலில் வாய் வைக்கும்.

ஆகவே காய்ச்சல் விட்டது என்று எப்போது சொல்வது? சிரப், மாத்திரை எதுவும் கொடுக்காமல் 24 மணி நேரம் 100.4-க்குக் கீழே இருந்தால் காய்ச்சல் விட்டது. ஞாயிறு ராத்திரி பத்து மணிக்குக் கடைசி காய்ச்சல் என்றால் திங்கட்கிழமை பள்ளி கிடையாது, செவ்வாய்க்கிழமைதான். நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை. வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். சிரப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 5 மில்லியில் 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் பாட்டில் வருகிறது. பெயர் ஒன்றாக இருக்கும், மருந்து இரட்டிப்பாக இருக்கும். பெரிய குழந்தைக்கு வாங்கினதைச் சின்னதற்கு அதே மூடியில் ஊற்றிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. குழந்தையின் எடைக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு பாட்டில் மேலேயே எழுதி வையுங்கள்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி, எத்தனை நாள் என்பது. எண்ணிக்கையைச் சொல்வதற்கு முன்னால், நாம் எந்த நாட்களை வீட்டில் கழிக்கிறோம் என்று பார்க்க வேண்டும். சளி, காய்ச்சல் வகைகளில் கிருமி அதிகமாகப் பரவுவது முதல் இரண்டு மூன்று நாட்களில். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். தட்டம்மை நாலு நாள் முன்பே. மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் ஏ வகை, கண் மஞ்சளாவதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் முன்னாலேயே மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். அதாவது நோய் முற்றித் தெரியும்போது பரவலின் உச்சம் பாதி முடிந்திருக்கும். நாம் செய்வது இதற்கு நேர் எதிர். முதல் நாள் ‘லேசான சூடுதானே’ என்று அனுப்பிவிடுகிறோம். கிருமி ஓய்ந்து தழும்பும் வறட்டு இருமலும் மட்டும் மிச்சம் இருக்கும்போது வீட்டில் பிடித்து வைக்கிறோம், இல்லை பள்ளிக்கூடம் கேட்டிலேயே நிறுத்துகிறது. உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் நடந்தது இதுதான். ஒரு நாள் வீட்டில் இருந்திருக்க வேண்டியவன் போனான். அப்புறம் போயிருக்கலாம் என்ற நிலையில் ஒரு வாரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்தான்.

கை கால் வாய் நோயையே எடுத்துக்கொள்வோம். 2022-ல் கேரளாவில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று ஒரு பயம் கிளம்பி, இங்கேயும் செய்திகளில் ஓடியது நினைவிருக்கலாம். சிவந்து பெரிதாக வந்த கொப்புளங்களைப் பார்த்து வைத்த பெயர். தக்காளிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, இதே நோய்தான். காக்சாக்கி என்ற வைரஸ் கூட்டத்தால் வருகிறது, ஐந்து வயதுக்குக் கீழே அதிகம். முதல் வாரத்தில்தான் வேகமாகப் பரவும். காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகி, வாய்ப்புண் ஆறி, எச்சில் வடியாமல் குழந்தை சாப்பிட ஆரம்பித்து, தோலில் உள்ள கொப்புளங்கள் வற்றிவிட்டால் பள்ளிக்கு அனுப்பலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 5 முதல் 7 நாளில் முடியும்.

தழும்பு போகும்வரை காத்திருப்பதில் பொருள் இல்லை, தழும்பில் இருந்து எதுவும் பரவாது. ‘முழுசாகக் குணம்’ என்று சர்டிபிகேட் கேட்பதிலும் பொருள் இல்லை. இந்தக் கிருமி குழந்தை நன்றாக ஆன பிறகும் பல வாரங்கள் மலத்தில் வந்துகொண்டிருக்கும். உண்மையிலேயே கிருமி முழுவதும் போனபிறகுதான் வரவேண்டும் என்றால் பையனை ஒன்றிரண்டு மாதம் வீட்டில் வைக்க வேண்டும், அதை யாரும் கேட்பதில்லை. அதனால் நான் சர்டிபிகேட்டில் ‘பூரண குணம்’ என்று எழுதுவதில்லை, ‘பள்ளிக்குச் செல்லலாம்’ என்று தேதி போட்டுத் தருகிறேன். உங்கள் டாக்டரிடமும் அப்படிக் கேளுங்கள். மலத்தில் வருகிற கிருமிக்கு வழி, கக்கூஸ் போய்விட்டு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவுவது. யு.கே.ஜி. பாத்ரூமில் சோப்பு இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். சானிடைசர் இந்த வகை வைரஸை அவ்வளவாக அசைக்காது.

இன்னொரு விஷயம், இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அடுத்த மாதம் பதறுவீர்கள். இந்த நோய் வந்துபோன சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு உள்ளங்கைத் தோல் உரியும், நகம் அடியில் இருந்து கழன்று வரும். வலிக்காது, புது நகம் தானாக முளைக்கும். அதற்கு மருந்தும் வேண்டாம், லீவும் வேண்டாம்.

பெண்ணின் இருமலுக்கு வருகிறேன். சளி பிடித்து, காய்ச்சல் விட்டு, மூக்கு ஒழுகுவது நின்ற பிறகும் இருமல் மட்டும் நிற்காமல் போவது குழந்தைகளிடம் சகஜம். பாதிப் பேருக்குப் பத்து நாளில் நின்றுவிடும். மீதிப் பேருக்கு மூன்று வாரம், அதற்கு மேலும்கூட இழுக்கும். மூச்சுக்குழாயின் உள்பூச்சு புண்ணாகி ஆற நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான். அந்த மிச்ச இருமலில் பரவும் ஆபத்து மிகக் குறைவு. மூக்குச்சளி பச்சையாக இருந்தால் கிருமி ஜாஸ்தி, ஆன்டிபயாடிக் வேண்டும் என்று ஆசிரியர்களும் நினைக்கிறார்கள், பெற்றோரும் நினைக்கிறார்கள். சாதாரணச் சளியே மூன்றாவது நாலாவது நாளில் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறும். நம் உடம்பின் வெள்ளை அணுக்கள் கொடுக்கிற நிறம் அது. சின்ன வகுப்புகளில் ஒரு குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது இயல்பு. இருமல் முழுவதும் நிற்கும்வரை வீட்டில் வைப்பது என்று முடிவெடுத்தால் மழைக்காலம் பூராவும் வீட்டில்தான்.

ஆனாலும் இரண்டு வாரம் தாண்டிய இருமலை நம் ஊரில் ஒரு தடவை டாக்டரிடம் காட்டாமல் விடக்கூடாது. உங்கள் பெண் சாப்பிடுகிறாள் என்பது நல்ல சேதி. எடை குறைகிறதா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, வீட்டிலோ அடிக்கடி போகிற உறவினர் வீட்டிலோ யாருக்காவது டிபி மருந்து ஓடுகிறதா என்று டாக்டர் கேட்பார். தொடர்ச்சியாக இருமி, முகம் சிவந்து, கடைசியில் வாந்தி எடுக்கிறாள் என்றால் கக்குவான் இருமலா என்றும் பார்ப்பார். அது மட்டும் விதிவிலக்கு, சரியான ஆன்டிபயாடிக் 5 நாள் முடியும்வரை வகுப்பில் உட்காரக் கூடாது. ராத்திரியிலும் ஓடும்போதும் மட்டும் இருமினால் ஆஸ்துமாவாக இருக்கலாம், அது யாருக்கும் ஒட்டாது. இதெல்லாம் இல்லை என்றால் ‘வகுப்பில் மற்றவர்களோடு உட்காரலாம்’ என்று இரண்டு வரி எழுதி வாங்கி மிஸ்ஸிடம் கொடுங்கள். தனி பெஞ்சில் உட்கார வைப்பது குழந்தைக்குத் தண்டனையாகத்தான் தெரியும்.

இப்போது அம்மை. உங்கள் மாமியாரோடு எனக்குப் பாதி ஒத்துப்போகும், பாதி சண்டை.

முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்திருப்பது எந்த அம்மை என்று கேளுங்கள். தண்ணீர் கோத்த கொப்புளங்களாக இருந்தால் சின்னம்மை. நல்ல காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, அப்புறம் முகத்தில் ஆரம்பித்து உடம்பெல்லாம் இறங்கும் சிவந்த தடிப்பு என்றால் தட்டம்மை. சில வீடுகளில் மணல்வாரி என்பார்கள். தட்டம்மை என்றால் விஷயமே வேறு. நோயாளி போன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம்வரை கிருமி இருக்கும். 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடுகிற எம்.ஆர். தடுப்பூசி இரண்டு தவணையும் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் முடிந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். தட்டம்மை வந்த குழந்தைக்குக் கட்டாயம் டாக்டர் வேண்டும், வைட்டமின் ஏ கொடுப்பார்கள். தடிப்பு வந்ததில் இருந்து 4 நாள் முழுதாக முடியும்வரை பள்ளி கூடாது.

சின்னம்மை என்றே வைத்துக்கொள்வோம், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வாசலில் வேப்பிலை சொருகுவது, வெளியாட்களை உள்ளே விடாதது, குழந்தையைத் தனியாகப் படுக்க வைப்பது, இதையெல்லாம் நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. தெருவுக்கே தெரிகிற மாதிரி ஒரு தனிமைப்படுத்தல் அது. தண்ணி ஊற்றும் கணக்கு ஊருக்கு ஊர் மாறும், பெரும்பாலும் ஒற்றைப்படை நாட்களில் வரும். மூன்றாவது தண்ணி முடிவதற்குள் எப்படியும் ஒரு வாரம் தாண்டியிருக்கும். மருத்துவக் கணக்கும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது. கொப்புளங்கள் ஒரே நாளில் வராது, மூன்று நாலு நாளுக்குத் தவணை தவணையாக வரும். கடைசியாக வந்த கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவும். சாதாரணமாக 5 முதல் 7 நாள், சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, காய்ந்த பொருக்கில் இருந்து பரவாது. ஆகவே தண்ணியை எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணி முடித்தபிறகு தலைமுடிக்குள், முதுகில், இடுப்பில் ஈரமான கொப்புளம் ஒன்றாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள். தடுப்பூசி போட்ட குழந்தைக்கு லேசாக வந்தால் சில சமயம் கொப்புளமே ஆகாது, வெறும் சிவப்புப் புள்ளிதான். அப்போது 24 மணி நேரத்தில் புதிதாக ஒன்றும் வரவில்லை என்றால் போகலாம்.

சண்டை மருந்து விஷயத்தில். அம்மைக்கு மருந்து கொடுத்தால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று சொல்லும் பெரியவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. ‘கும்பிடுங்கள், கூடவே இதையும் கொடுங்கள்’ என்பேன், பெரும்பாலும் கேட்பார்கள். ஆரோக்கியமான பத்து வயதுக் குழந்தைக்குச் சின்னம்மை தானாகவே சரியாகும், உண்மை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கும் ஓர் ஆபத்தான நிலையைக் கொண்டுவரும். ஐபுப்ரோஃபென் கலந்ததையும் தவிர்த்துவிடுங்கள். அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. முதல் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். 12 வயது தாண்டியவர்கள், பெரியவர்கள், ஆஸ்துமாவோ தோல் நோயோ உள்ள குழந்தைகள் இவர்களுக்கு அதை யோசிப்போம். ஒரே வீட்டில் இரண்டாவதாக வாங்குகிற பிள்ளைக்கு நோய் கொஞ்சம் கடுமையாக வருவது வழக்கம், அங்கேயும் யோசிப்போம். ‘மூணு தண்ணி முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி’ என்றால் அந்த 24 மணி நேரம் என்றோ போயிருக்கும்.

குளிக்க வைக்கக் கூடாது என்பதும், உப்பில்லாமல் கஞ்சி மட்டும் என்பதும் வேண்டாம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், சொறிந்த இடத்தில் சீழ் பிடிப்பதுதான் குழந்தைகளிடம் நாங்கள் அதிகம் பார்க்கிற சிக்கல். வேப்பிலைக் கொத்தால் தடவிக்கொடுப்பது சுகமாக இருக்கும், செய்யுங்கள். அரைத்த மஞ்சளையும் வேப்பிலையையும் உடைந்த கொப்புளத்தின் மேல் அப்புவதை மட்டும் நான் தடுப்பேன். குழந்தை தள்ளாடி நடந்தால், கூப்பிட்டால் விழிக்காமல் தூங்கினால், மூச்சு வாங்கினால், ஒரு கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து சூடாக வீங்கினால், எந்தத் தண்ணிக்கும் காத்திருக்கக் கூடாது.

உங்கள் பெண்ணுக்கு இன்னும் வரவில்லை அல்லவா? சின்னம்மை தடுப்பூசி அரசாங்க அட்டவணையில் இல்லை, தனியாரில் 15 மாதத்தில் இருந்து இரண்டு தவணையாகப் போடுகிறார்கள். போட்டிருக்கிறதா என்று அட்டையில் தேடுங்கள். போடவில்லை, இதற்கு முன்னால் சின்னம்மையும் வந்ததில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள்தான் ஆகிறது என்றால் இப்போது போட்டாலும் பலன் உண்டு. வராமல் போகலாம், வந்தாலும் லேசாகப் போகும். அதைத் தாண்டிவிட்டால், விளையாடிய நாளில் இருந்து 10 முதல் 21 நாள்வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்காக அவளை இப்போதே நிறுத்தி வைக்க வேண்டாம், நன்றாக இருக்கும்வரை பள்ளிக்குப் போகட்டும். அந்த நாட்களில் மட்டும் காலையில் சட்டை மாற்றும்போது முதுகையும் வயிற்றையும் ஒரு பார்வை பார்த்து அனுப்புங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாந்தி, பேதி என்றால் கடைசி வாந்தியோ பேதியோ நின்று ஒரு முழு நாள் போகட்டும், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. வீட்டில் இருக்கும்போது ஓ.ஆர்.எஸ். கரைசலும் 14 நாள் ஜிங்கும் மறக்க வேண்டாம், இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தெரிந்ததில் இருந்து 5 நாள். இதற்கான தடுப்பூசியும் அரசு அட்டவணையில் இல்லை. மஞ்சள் காமாலைக்கு மஞ்சள் தெரிந்ததில் இருந்து ஒரு வாரம், அதன் பிறகும் சோர்வு போகும்வரை. தொண்டையில் சீழ் வைத்து டாக்டர் ஆன்டிபயாடிக் ஆரம்பித்திருந்தால் ஒரு நாள் கழித்து, காய்ச்சல் இல்லை என்றால் போகலாம். மெட்ராஸ் ஐ கண்ணைப் பார்ப்பதால் ஒட்டாது, கண்ணைத் தொட்ட கையாலும் கர்ச்சீப்பாலும்தான் ஒட்டும். சின்னக் குழந்தைகள் கண்ணைத் தேய்க்காமல் இருக்க மாட்டார்கள் என்பதால் நீர் வடிவதும் பீளை கட்டுவதும் நிற்கும்வரை வீட்டில் இருக்கட்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து மட்டும் போட்டுவிடாதீர்கள். சிரங்குக்கு, கழுத்தில் இருந்து கால்வரை மருந்து தடவிய மறுநாளே அனுப்பலாம், ஆனால் வீட்டில் எல்லாரும் அதே ராத்திரியில் தடவ வேண்டும். பேன் இருக்கிறது என்று ஒரு பெண் குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிற பள்ளிகளைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பேனால் எந்த நோயும் வராது. இரண்டு சடை பின்னி, சாயங்காலம் மருந்து போட்டுச் சீவினால் போதும்.

டெங்குவை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது ஒரு குழந்தையிடம் இருந்து இன்னொரு குழந்தைக்கு நேராகப் பரவாது, கொசு வேண்டும். ஆனால் நான் மேலே சொன்ன 24 மணி நேர விதி தடுக்கி விழுகிற இடம் அது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற சமயம்தான், அதாவது காய்ச்சல் ஆரம்பித்த மூன்றாவது நாளில் இருந்து ஏழாவது நாள்வரைதான், ஆபத்தான கட்டம். வடகிழக்குப் பருவமழை சமயத்தில், ஐப்பசி கார்த்திகையில், இரண்டு மூன்று நாள் நல்ல காய்ச்சல் அடித்துவிட்டு சட்டென்று விட்ட குழந்தை வயிறு வலிக்கிறது என்றாலோ, வாந்தி எடுத்தாலோ, கை கால் சில்லிட்டுச் சோர்ந்து படுத்தாலோ, மூக்கில் ஈறில் ரத்தம் வந்தாலோ அது ‘காய்ச்சல் விட்டாச்சு’ இல்லை. பள்ளியும் வேண்டாம், வீடும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. இந்தக் காலத்துக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் கலந்த சிரப் எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

லீவு விஷயம். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். முதல் நாள் காலையிலேயே நிறுத்தினால் பெரும்பாலான சளிக் காய்ச்சல் இரண்டு நாள் லீவோடு முடிகிறது. அனுப்பி, மதியம் போன் வந்து, ஓடிப்போய்க் கூட்டிவந்தால் அந்த அரை நாளும் போகிறது, குழந்தையும் வாடிப்போகிறது. நீங்களும் கணவரும் ஆளுக்கு அரை நாள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அம்மாதான் லீவு என்று எந்தச் சட்டமும் இல்லை. ஊரில் இருந்து மாமியாரை வரவழைக்கலாம், ஆனால் அவருக்குச் சர்க்கரையோ நெஞ்சுக் கோளாறோ இருந்தால் ஃப்ளூ மாதிரிக் காய்ச்சலுக்கு அவரைப் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள். காலை ஆறு மணிக்கு முடிவு எடுக்கத் திணறினால் தெர்மாமீட்டரைப் பாருங்கள், ராத்திரியில் வாந்தி பேதி இருந்ததா என்று யோசியுங்கள், அப்புறம் ஒரு டம்ளர் பாலும் ஒரு இட்லியும் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, சாப்பிட்டுவிட்டு ஷூவைத் தேடுகிறான் என்றால் மூக்கு ஒழுகினாலும் போகட்டும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் சாப்பிடாமல் மடியில் சாய்ந்தால் வீட்டில் இருக்கட்டும். சந்தேகம் தீராவிட்டால் 104-க்கு போன் செய்தால் தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

அட்டெண்டன்ஸ் பற்றி யு.கே.ஜி.யிலும் நாலாவதிலும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சி.பி.எஸ்.இ.யில் 75 சதவீதம் என்று கறாராகக் கேட்பது 10, 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு. அங்கேயும் மருத்துவக் காரணத்துக்கு விலக்கு கேட்க வழி இருக்கிறது. நூறு சதவீத வருகைக்கு ஆண்டு விழாவில் கப் கொடுக்கிற பள்ளிகள் பல. காய்ச்சலோடு வந்ததற்குக் கொடுக்கிற கப் அது என்று நான் தலைமையாசிரியர்களிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்துவிட்டுத் தொடர்ந்து கொடுக்கிறார்கள்.

கடைசியாக, உங்கள் பெண்ணுக்குச் சின்னம்மை வந்துவிட்டால் லீவு லெட்டரில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதாமல் நோயின் பெயரை எழுதி, அன்றைக்கே மிஸ்ஸுக்கு போன் செய்து சொல்லுங்கள். வேன் டிரைவருக்கும் சொல்லுங்கள். கொப்புளம் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அவள் பரப்பியிருப்பாள். வகுப்பில், வேனில், ஸ்டாஃப் ரூமில் கர்ப்பிணிப் பெண் யாராவது இருந்து, அவருக்கு இதுவரை சின்னம்மை வந்ததும் இல்லை, ஊசி போட்டதும் இல்லை என்றால் அவர் உடனே தன் டாக்டரைப் பார்க்க வேண்டும். சிறுநீரக நோய்க்கு ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தை, ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் குழந்தை இருந்தாலும் அப்படியே. அவர்களுக்குப் போடுகிற பாதுகாப்பு ஊசிக்குத் தொடர்பு ஏற்பட்டதில் இருந்து 10 நாள்தான் அவகாசம், முதல் நாலு நாளுக்குள் போட்டால் நல்லது. பெயரைச் சொன்னால் குரூப்பில் மறுபடி பேசுவார்கள் என்று தயங்குவீர்கள். குரூப்பில் போட வேண்டாம், வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குக் குழந்தையின் பெயர் இல்லாமல் சொல்வது பள்ளியின் வேலை.